கேட்டால் விலை ஏறும்

ஏந்தம்பி, நான் கேக்காமலே எந்திரிச்சு ஜன்னலோரத்தக் குடுத்தியே, எதுக்கு? தப்பா நெனைக்காத, சும்மாதான் கேக்குறேன். வெயிலா? தொண்டி வரைக்கும் இந்தப் பக்கந்தான் வெயிலு அடிக்குமோ? இல்லையா? வயசானவங்கன்னு குடுத்தியா? சரி, அப்படியே வச்சுக்குவோம். கடக்கரை வெயில்ல கருவாடு காயப் போட்டே காலத்தக் கழிச்சவ நான், இந்த வெயிலு என்னை என்ன பண்ணிரும். ஆனா யாராச்சும் ஒண்ணச் சும்மா நீட்டுனா, அதுல எங்க ஓட்டைன்னு பாத்துட்டுத்தான் நான் கைய நீட்டுவேன். எம் பொழப்பு குடுத்த பழக்கம் அது.

இந்தப் பையில கருவாடு கிடையாது. கண்டக்டரு போகையிலயும் வரையிலயும் மோந்து பாத்துக்கிட்டே போறாரு. பேரனுக்குச் சட்டை, மகளுக்குச் சேலை, மருமகனுக்கு ஒரு நல்ல கைலி. அவ்வளவுதான். பிரிச்சுக் காட்டவா? வேணாமா? பாக்காமலே நம்புற. நல்லா இரு.

உன் பேப்பர்ல என்ன போட்டிருக்கு, ஏதோ ஒரு நாட்டுக்கு வியாபாரி ஒருத்தரு தலைவராயிட்டாரு, பக்கத்து நாட்டுக்காரங்ககிட்ட மேசையத் தட்டிப் பேரம் பேசுறாருன்னா? டீக்கடையிலயும் இதே பேச்சுதான். கடை நடத்துற மாதிரி நாட்ட நடத்த முடியுமான்னு ஆளாளுக்குக் கத்துறாங்க. நீ என்ன சொல்ற? முடியாதுங்கிறியா? படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. நான் முடியும்ங்கிறேன். ஏன்னா நான் பேசியிருக்கேன். சிரிக்காத. ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்க தீவுல, ரெண்டு கரைக்காரங்களும் எதிரெதிர உக்காந்து, நடுவுல நான் பேசியிருக்கேன். பூவரசந்துறை மதலேன்னு கேட்டுப் பாரு. திண்டுக்கல் கருவாட்டு மண்டி வரைக்கும் எம் பேரு தெரியும்.

போன வருசம் தை மாசம் மீன் புடிக்கப் போன எங்க ஊரு போட்டு ஒண்ணை அந்தப் பக்கத்து நேவிக்காரங்க புடிச்சுட்டாங்க. அஞ்சு பேரு. எல்லை தாண்டுனதுக்கு ஒரு கேசு, அதை வக்கீலு அபராதத்தோட முடிச்சுட்டாரு. இன்னொரு கேசுதான் முடியல. இவங்க போட்டுல கட்டி இழுத்த இழுவை மடி அந்த ஊர்க்காரங்க வலைய அறுத்துருச்சுன்னு அவங்க மீனவர் சங்கம் அஞ்சு பேரு மேலயும் தனித்தனியாக் குடுத்த புகாரு. புகாரு குடுத்தவங்க வாபஸ் வாங்குனாத்தான் வெளிய விடுவாங்களாம். அஞ்சு பேருல ஒருத்தன் ஆரோன். எம் மக ஜெசிந்தா புருசன். மருமகன்னு சொல்றது பேருக்கு, எங்கண்ணன் மகன் அவன். அண்ணனும் மதினியும் ஒருத்தர் பின்னால ஒருத்தரு போய்ச் சேந்ததும் நாந்தான் தூக்கி வளத்தேன். எங்கிட்டதான் தின்னான், எங்கிட்டதான் அடி வாங்குனான். அவனுக்குன்னு இருக்கது நான் ஒருத்திதான். ஜெசிந்தா அப்ப மாசமா இருந்தா.

எங்க சங்கத்துக்குத் தலைவரு பெலிக்ஸ். நல்ல மனுசன். அதான் அவருகிட்ட உள்ள கோளாறே. மாசியில அந்தோணியார் தீவுத் திருவிழா வருதுல்ல, ரெண்டு கரைக்காரங்களும் கூடுவாங்க, அங்க வச்சு அந்த ஊரு சங்கத்து ஆளுககிட்ட பேசிருவோம்னாரு. சரி, பேசலாம். என்ன பேசப் போறீங்கன்னு கேட்டேன். "ஒரே கடல்ல பொழைக்கிறோம், புள்ளைகள விட்டுடுங்கன்னு கேப்போம்க்கா"ன்னாரு. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரு வியாபாரி முன்னால போயி, எனக்கு இது வேணும், இது இல்லாம எனக்குச் சோறு எறங்காதுன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்? ஏத்துவான்ல? தராசத் தூக்குறதுக்கு முந்தியே ஏத்துவான்.

ஆம்பளைக எல்லாரும் என்னையப் பாத்தாங்க. மதலேனக்கா வரட்டும், அக்கா பேசுனா அவங்க வாயத் தொறக்க முடியாதுன்னாங்க. நான் வரேன்னேன். ஆனா நான் சொல்றதத்தான் கேக்கணும்னு கண்டிசனாச் சொன்னேன். அஞ்சு பேரு வீட்டுப் பொம்பளைகளும் திருவிழாவுக்கு வரலாம். வந்தா, நேத்திக்கடனுக்கு வந்த மாதிரி வரணும். அழக்கூடாது. எம் புள்ளை, எம் புருசன்னு வாயத் தொறக்கக் கூடாது. நமக்கு அவசரம்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. ஜெசிந்தாவுக்குத் தனியா, கையப் புடிச்சுச் சொன்னேன். அவ என்னையப் பாத்துட்டு, "அம்மா, இது கருவாடு இல்லம்மா"ன்னா. அவளுக்கு என்ன தெரியும், சின்னப் புள்ளை.

பெலிக்ஸும் போட்டுல போகையில ஒண்ணு சொன்னாரு. "அக்கா, ஒட்டஞ்சத்திரத்து வியாபாரி முறைச்சுக்கிட்டுப் போனா நமக்கு வத்தலக்குண்டுல ஒருத்தன் கிடைப்பான். கடலுக்கு அந்தப் பக்கம் இவங்களத் தவிர வேற யாரு இருக்கா?" பேசத் தெரியாதவங்க இப்படித்தான் எதையாச்சும் அழகாச் சொல்லுவாங்க.

தீவுல கோயிலுக்குப் பின்னால தார்ப்பாய் கட்டி, ரெண்டு பக்கமும் பாய் விரிச்சிருந்தாங்க. அவங்க பக்கம் பேச வந்தவரு நீக்கிலாப்பிள்ளைன்னு ஒரு பெரியவரு. ஒல்லியான ஆளு, மேல் சட்டைக்குப் பித்தான் கூட இல்ல. அவங்க சங்கத்துக்குத் தலைவரு இந்த மாதிரி வருவாரா? வேணும்னே போட்டுட்டு வந்திருக்காருன்னு எனக்குப் பட்டுச்சு. நானும் சந்தைக்குப் போறப்ப நல்ல சேலை உடுத்த மாட்டேன்ல. வந்ததும் வராததுமா எங்களுக்கு டீ ஊத்திக் குடுத்தாரு. இஞ்சி போட்டது. நான் வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டேன், குடிக்கல.

"பேசத்தான் வந்திருக்கோம் பெரியவரே"ன்னு ஆரம்பிச்சேன். அவரு சிரிக்கிறாரு. "பேசுறதெண்டா எங்கட பக்கம் ஏசுறது, தங்கச்சி. கதைக்கிறதெண்டு சொல்லுங்கோ"ன்னாரு. எங்க பக்கம் கதைன்னா என்ன? புளுகு. கதை விடாதன்னு சொல்றோம்ல. அவங்க பேச்சு ரேடியோவுல கேட்டு எனக்கும் தெரியும், இல்லங்கல. ஆனாலும் அந்த வார்த்தை காதுல விழுந்ததும் உள்ளுக்குள்ள ஒரு மணி அடிச்சுச்சு. மதலேன், உசாருன்னு.

அடுத்து ஒரு வலைய எடுத்து விரிச்சாரு. நடுவுல ஆள் நுழையிற அளவுக்குக் கிழிஞ்சு கிடக்கு. "இது என்ர மூத்தவன்ர வலை. இதுக்குப் பிறகு அவன் கடலுக்குப் போகேல்லை. கொழும்பிலை மேசன் வேலைக்குப் போட்டான்"ன்னாரு. சத்தமாக் கூடச் சொல்லல. அதான் தம்பி சூட்சுமம். சத்தம் போட்டாச் சண்டைன்னு நாம சுதாரிச்சுக்குவோம். மெதுவாச் சொன்னா எளகிருவோம். பெலிக்ஸைப் பாக்குறேன், அந்தாளு கண்ணு கலங்கிப் போயி உக்காந்திருக்காரு. நான் வலையக் கையில எடுத்து, நூலைத் திருகிப் பாத்து, "பழைய வலை. ஏற்கெனவே நைஞ்சிருக்கு. எங்க மடி படலைன்னாலும் அடுத்த மாசம் தானாப் போயிருக்கும்"ன்னேன். சரக்க மட்டம் தட்டாம யாராச்சும் விலை பேசுவாங்களா? நெத்திலி தங்கம் மாதிரி இருந்தாலும் மணலு ஒட்டியிருக்கு, பனி அடிச்சிருக்குன்னுதான் முதல்ல சொல்லணும்.

அவரு வலைய மடிச்சு மடியில வச்சுக்கிட்டாரு. அவரு பக்கத்துல இருந்த பையன் ஒருத்தன் எந்திரிக்கப் போனான், கையக் காட்டி உக்கார வச்சாரு. எனக்குச் சந்தோசம். விலை எறங்குது, எறங்குதுன்னு நினைச்சேன்.

"கிழமையிலை மூண்டு நாள் எங்கட கரைப் பக்கம் ரோலர் வராம இருந்தாக் காணும். மிச்ச நாள் நாங்கள் கண்டு கொள்ள மாட்டம்"ன்னாரு. அவங்க ரோலர்னு சொல்றது நம்ம இழுவைப் போட்டத்தான், காணும்னா போதும். எனக்கு திக்குனு ஆயிருச்சு. ஏன்னா நாங்க பயந்துக்கிட்டுப் போனது, இனிமே எப்பவுமே வரக்கூடாதும்பாங்கன்னு. இந்தாளு வாரத்துக்கு மூணே நாளு கேக்குறாரு. இவ்வளவு கம்மியாக் கேட்டா நீ என்ன நினைப்ப? நல்லவருன்னா? அங்கதான் நீயும் பெலிக்ஸும் ஒண்ணு. வாளைக் கருவாட்ட ஒருத்தன் பாதி விலைக்கு நீட்டுனா, மூட்டைய அடி வரைக்கும் கொட்டிப் பாக்கணும். "மூணு நாளும் முடியாது, ஒரு நாளும் முடியாது"ன்னுட்டேன். பெலிக்ஸ் என் முழங்கைய இடிச்சாரு. நான் திரும்பல.

அப்பத்தான் அவரு கேட்டாரு. "சரி, அதை ஆறுதலாக் கதைப்பம். உள்ளுக்கை இருக்கிற பெடியள் ஆற்ற பிள்ளையள், தங்கச்சி?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஊருலயே தயாரா இருந்தேன். ஆருடைய புள்ளைன்னு சொல்லிட்டா அப்புறம் அவரு கையில கடிவாளம். "யாரு கண்டா. கூலிக்கு வந்த பயலுக. எந்த ஊருன்னே தெரியாது. நீங்க எத்தனை மாசம் வச்சிருந்தாலும் எங்களுக்குச் சோறு மிச்சம்"ன்னேன். சொல்லிட்டுச் சிரிக்கவும் செஞ்சேன். சிரிச்சாத்தான் நம்புவாங்க.

"அவைக்கு ஒருத்தரும் இல்லையோ?"ன்னு மறுபடியும் கேட்டாரு.

"ஒருத்தரும் இல்ல."

ஜெசிந்தா தார்ப்பாய்க்கு வெளிய, சாமி கும்பிட வந்த கூட்டத்தோட கூட்டமா உக்காந்திருந்தா. அவ காதுல விழுந்துச்சா விழலையான்னு தெரியல. விழுந்திருக்கும். என் குரலு கொஞ்சம் பெருசுதான். ஆனா அது அவளுக்குச் சொன்னது இல்லையே, அவருக்குச் சொன்னதுதானே. வியாபாரம் பேசுறப்ப சொல்றதையெல்லாம் வீட்டுல யாராவது மனசுல வச்சுக்குவாங்களா?

அப்புறம் எந்திரிச்சேன். கடைசியா இருக்க வித்தை அது. எந்திரிச்சு, சேலைய உதறி, வாங்க பெலிக்ஸ் போவோம்னு சொல்லிட்டு நடக்கணும். கொஞ்ச தூரம் போறதுக்குள்ள கூப்பிடுவாங்க. கூப்பிடாம இருந்ததே இல்ல. ஒட்டஞ்சத்திரத்துக்காரன் சைக்கிள எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே வந்திருக்கான். நடந்தேன். கூப்பிடல. செருப்பு வாரச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு பாத்தேன். அந்தாளு நான் குடிக்காம வச்சிட்டு வந்த டீய மணல்ல ஊத்திட்டு, டம்ளரக் கழுவி, பெலிக்ஸுக்கு வேற டீ ஊத்திக்கிட்டிருந்தாரு. பெலிக்ஸ் எந்திரிக்கவே இல்ல. பாத்தியா, நம்ம ஆளு. இதுக்குப் பேரு கூட்டணி.

மறுநாள் காலையில திருப்பலி முடிஞ்சுச்சு. கொடிமரத்துக்கிட்ட ஒரே கூட்டம். என்னடான்னு பாத்தா, அந்த அஞ்சு பேருல ஒருத்தனோட அம்மா, நம்ம ஊரு குழந்தையம்மா, நான் அவ்வளவு சொல்லியும் கேக்காம, நீக்கிலாப்பிள்ளை கையப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுகுறா. "ஐயா, எம் புள்ளைய விட்டுடுங்கய்யா." அவ்வளவுதான் கேட்டா. மூணு நாளுன்னு சொல்லல, ரெண்டு நாளுன்னு சொல்லல, வலைக்கு நஷ்ட ஈடு பத்திப் பேசல. பேசத் தெரியாதவ.

அந்தாளு கோயிலப் பாத்துக் கும்பிட்டுட்டு, "சரியம்மா, விட்டாச்சு"ன்னாரு.

எனக்குக் காதுல வண்டு புகுந்த மாதிரி ஆயிருச்சு. அப்புறந்தான் விசயம் வெளிய வந்துச்சு. அவங்க ஊருல ஒரு வழக்கமாம். எவ்வளவு பெரிய சண்டையா இருந்தாலும், அந்தோணியார் திருவிழாவுல எதிராளி வீட்டு ஆளு நேர்ல வந்து கேட்டுட்டா, இல்லைன்னு சொல்லக் கூடாதாம். "கேட்டு வந்தவைக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது. ஊரிலை எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் வந்தனாங்கள். கேக்க ஒருத்தரும் இல்லையெண்டு அந்தத் தங்கச்சி சொல்லிப்போட்டா, அதுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்"னு பெலிக்ஸ்கிட்ட சொன்னாராம். யாராச்சும் கேக்கணும்னே காத்துக்கிட்டு இருந்தாராம். நம்புற மாதிரியா இருக்கு?

மத்தவங்க ஓடுனாங்க. மூணு வீட்டுப் பொம்பளைகளும் போயி விழுந்தாங்க. சரி, சரி, சரின்னுட்டே வர்றாரு. ஜெசிந்தா எந்திரிச்சா. நான் அவ கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். பொறுடீன்னேன். நாலு பேருக்கு எறங்கி வந்தவன் அஞ்சாவது ஆளுக்கு இன்னும் எறங்குவான், கடைசி மூட்டை எப்பவுமே சல்லிசாத்தான் வரும், அவனா வந்து நம்மகிட்ட கேப்பான்னேன். அதுவுமில்லாம நேத்து ஒருத்தரும் இல்லைன்னு சொல்லிட்டு இன்னைக்கு மருமகன்னு போயி நின்னா நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆகாதா? அப்புறம் எங்க கரைக்காரங்க வாய்க்கு என்ன மதிப்பு? நாலு பேர விட்டதுக்குப் பதிலா என்ன கேப்பான்னே இன்னும் தெரியல. அதுக்குள்ள அஞ்சாவது ஆளையும் கடன் வைக்கணுமா?

அவ கைய உருவப் பாத்தா. நான் விடல. மாசமா இருக்கவ, கூட்டத்துல இடிபட்டு விழுந்துட்டா என்ன பண்றது, அதையும் யோசிச்சுத்தான். அதுக்குள்ள ஊருக்குப் போற போட்டுக்கு ஆளு கூப்பிட்டாங்க. பெலிக்ஸ்கிட்டயும், ஆரோனு யாருன்னு அந்தாளுகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் வாங்கிட்டுத்தான் போட்டு ஏறுனேன்.

நாலு பேரும் வீடு வந்து சேந்தாங்க. ஆரோன் மட்டும் அங்க.

என்ன, நீ எறங்குற எடம் வந்துருச்சா? இல்லையா? அப்புறம் ஏன் பையத் தூக்குன? சரி சரி, மடியில வச்சுக்க.

நானும் சும்மா இருக்கல தம்பி. வக்கீலப் பாத்தேன், கட்சி ஆபீசுக்கு அலைஞ்சேன், மீன்வளத்துறைக்கு மனு குடுத்தேன். ஒண்ணும் நகரல. ஜெசிந்தா எங்கிட்டப் பேசுறத நிறுத்திட்டா. பேசுவா, சோறு வேணுமா, தண்ணி வேணுமா, அந்த மாதிரி. ஆடி மாசம் பேரன் பொறந்தான். ஆஸ்பத்திரியில எல்லாரு புருசனும் வெளிய நிக்கிறாங்க, இவளுக்கு நான் மட்டும் நிக்கிறேன். நர்ஸு அப்பா பேரு கேட்டப்ப அவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆரோன்னு சொன்னா. அந்தப் பார்வை எனக்கு இன்னும் புரியல. ராத்திரி படுத்தா அது வந்து நிக்குது.

அங்க என்ன நடந்துச்சுன்னு, அதே ஜெயில்ல இருந்து பெறகு விடுதலையாகி வந்தவன் ஒருத்தன் சொன்னான். கேளு இத. நான் ஒருத்தரும் இல்லைன்னு சொன்னேன்ல, அத அந்த நீக்கிலாப்பிள்ளை அப்படியே நம்பிட்டாரு. மத்த நாலு பேரும் போனதுக்கப்புறம், அநாதைப் பய ஒருத்தன் தனியா உள்ள கிடக்கானேன்னு, மாசா மாசம் பஸ் ஏறி ஜெயிலுக்குப் போயிருக்காரு. சோப்பு, பிஸ்கோத்து, ஒரு சாரம். அவங்க சாரம்னு சொல்றது கைலிய. தன் வலைய அறுத்தவனுக்கு! ஒருத்தருமே கேட்டு வராம புகார வாபஸ் வாங்க அவங்க ஊரு ஒத்துக்கலையாம், அதனால சோப்பாவது குடுப்போம்னு போயிருக்காரு. எதுக்கு? நீ சொல்லு, எதுக்கு? ஒரு மனுசன் காரணம் இல்லாம பஸ்ஸுக்குக் காசு செலவழிப்பானா?

இவனாவது சொல்லியிருக்கலாம்ல, எனக்கு அத்தை இருக்கு, பொண்டாட்டி இருக்கான்னு. சொல்லலையாம். முதத் தடவை பாக்க வந்தப்பவே நீக்கிலாப்பிள்ளை கேட்டிருக்காரு, "தம்பி, உனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு உங்கட ஊர் அம்மா ஒராள் சொன்னவ, மெய்யோ?"ன்னு. எந்த அம்மான்னு இவன் கேட்டிருக்கான். அவரு என்னைய அடையாளம் சொல்லியிருக்காரு, மூக்குத்தி ரெண்டு பக்கமும், பெரிய குரலுன்னு. இவன் அந்தச் சாரத்த மடிச்சு வச்சுட்டு, "அவங்க சொன்னா மெய்யாத்தான் இருக்கும்"ன்னானாம்.

பாரு, நான் சொன்னதக் காப்பாத்தியிருக்கான். எம் வாய் பொய்யாகக் கூடாதுன்னு. வளத்த வளப்பு அப்படி. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கிறது?

பேரன் பொறந்த சேதி எப்படியோ உள்ள போயிருக்கு. அன்னைக்கு அவன் அழுததப் பாத்துத்தான் நீக்கிலாப்பிள்ளைக்கு விசயமே தெரிஞ்சிருக்கு. உடனே பெலிக்ஸுக்குப் போன் போட்டாரு. பெலிக்ஸ் ஓடி வந்து போன எங்கிட்ட நீட்டுறாரு. "தங்கச்சி, அது உங்கட மருமகனெண்டு ஏன் சொல்லேல்லை? திருவிழா வரைக்கும் பாக்கத் தேவையில்லை. நீங்கள் போனிலை கேட்டாலே காணும், நான் ஊருக்குச் சொல்லிப்போடுவன்."

ரெக்கார்டு போட்டுட்டுப் பேசுறாரோன்னு முதல்ல யோசிச்சேன். அப்புறம் கேட்டேன். "அதுக்குப் பதிலா நீங்க என்ன எதிர்பாக்குறீங்க?"

"ஒண்டும் இல்லை. நீங்கள் கேட்டாக் காணும்."

"ஒண்ணும் வேணாம்னா நான் எதுக்குக் கேக்கணும்? சும்மாவே விடலாமே."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பாத்தியா, மடக்கிட்டேன்ல? நான் இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தா உள்ள இருக்கது என்னான்னு வெளிய வந்திருக்கும். அதுக்குள்ள ஜெசிந்தா புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, எங்கையில இருந்த போனப் புடுங்குனா. புடுங்கி, "ஐயா, நான் ஜெசிந்தா, அவரு பொண்டாட்டி. அவர விட்டுடுங்கய்யா"ன்னா. அவ்வளவுதான். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவ போனப் பெலிக்ஸ் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. அந்த மாசமே ஆரோன் வந்துட்டான்.

இப்ப என்ன நிலைமைன்னா, பெலிக்ஸ் அந்த மூணு நாளுக்கு ஒத்துக்கிட்டாரு. வாரத்துல மூணு நாளு எங்க போட்டு அந்தப் பக்கம் போறதில்ல. அப்புறம் ஒரு பயலும் மாட்டலையாம், ஒரு வலையும் அறுபடலையாம், சங்கத்துல ஒரே பெருமை. எனக்குத்தான் வயிறு எரியுது. என்னைய விட்டிருந்தா ஒரு நாளு கூடக் குடுத்திருக்க மாட்டேன். அந்த மூணு நாளுக்குப் பின்னால அவரு என்ன வச்சிருக்காருன்னு பாக்கத்தான் போறீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். யாரும் காதுல வாங்குறதில்ல. அதனாலதான் சொல்றேன், உன் பேப்பர்ல இருக்க அந்த வியாபாரித் தலைவரு மாதிரி ஆளு வேணும். நல்லவங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றது.

என்ன, பேப்பர மடிச்சுட்ட? சரி, வச்சுக்க.

ஆரோனும் ஜெசிந்தாவும் இப்ப எங்கூட இல்ல. தேவிபட்டினத்துக்கு இந்தப் பக்கம், அடுத்த விலக்குல எறங்கணும், அங்க தனியா வீடு பாத்துக்கிட்டாங்க. சண்டை போட்டுப் போகல. சண்டை போட்டிருந்தாத் தேவலையே. நான் எப்பப் போனாலும், "வாங்கத்தை"ங்கிறான். பாய் விரிக்கிறான். புள்ளையத் தூக்கி எம் மடியில வைக்கிறான். நல்ல மீனா எடுத்து என் தட்டுல போடுறான். ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கும் எங்கால்ல விழுந்து கும்பிட்டான். கூடி நின்ன சனம் எல்லாம் அழுதுச்சு. நான் மட்டும் கால இழுத்துக்கிட்டேன்.

ஒரு நாளு நானே ஆரம்பிச்சேன். "ஏலே ஆரோனு, அன்னைக்குத் தீவுல நான் சொன்னது..."ன்னேன். "விடுங்கத்தை. குழம்பு ஊத்திக்கங்க"ன்னுட்டான். மொகத்துல கோவம் இருக்கான்னு பாத்தேன். இல்ல. தேடித் தேடிப் பாத்தேன் தம்பி, இல்ல.

ஏன்னு எனக்கு வெளங்கல. எங்கன்னத்துல ஒரு அறை விட்டிருந்தாக் கூட, சரி, இவ்வளவுதான்னு இருந்திருப்பேன். இன்னின்ன வேணும்னு கேட்டிருந்தா வீட்ட வித்தாவது குடுத்திருப்பேன். இந்த அஞ்சாறு மாசமா ஒவ்வொரு தடவையும் எதையாச்சும் வாங்கிட்டுத்தான் போறேன். சேலையா, கைலியா, புள்ளைக்குச் சட்டையா. எல்லாத்தையும் ரெண்டு கையாலயும் வாங்கி, "எதுக்கத்தை இதெல்லாம்"னு சொல்லி உள்ள வச்சிர்றான். மறுதடவை போனா அதே வாங்கத்தை, அதே மீனு. பேரம் பேசாத ஆளுகிட்ட எப்படித் தம்பி முடிக்கிறது?

ராத்திரியெல்லாம் இதேதான். நான் குடுக்கத் தயாராத்தான் இருக்கேன். எவ்வளவுன்னாலும் சரின்னு இருக்கேன். நீயாவது படிச்ச புள்ளை, சொல்லு. எங்கிட்ட என்ன வேணும் அவனுக்கு?

கண்டக்டர், விலக்குல நிறுத்துங்க. இந்தா எந்திரிச்சுட்டேன்.

அவன் கேக்கவே மாட்டேங்கிறான் தம்பி.